கலவா இழைகளைக் கணித்தவர்

நுழையும்முன்

முதலாம் இராசேந்திரன் தன் வடநாட்டு வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் ஏரியை அமைத்தான். கங்கை நீர் அதில் கலந்தது என்பர். நீரோடு நீர் எளிதில் கலக்கும். ஆனால், அவ்வூர்க் கடைகளில் இன்று காணும் வெவ்வேறு வகை நெகிழிகளை உருக்கிச் சேர்த்தால், அவை பெரும்பாலும் ஒன்றாகா. இதன் காரணத்தை அறிய வழிவகுத்த அறிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

பால் ஜான் ஃபுளோரி 1910 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் சமயப் பணியாளர்; தாயார் ஆசிரியர். 1934இல் முனைவர் பட்டம் பெற்றதும், டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்சின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். நைலானை உருவாக்கிய குழு அது. 1937இல் கரோதர்ஸ் மறைந்தார். வழிகாட்டியை இழந்தபோதும் ஃபுளோரி தளரவில்லை. மறு ஆண்டே சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிபோல் இணைந்து உருவாவதே பலபடி. கிளைவிட்டு வளரும் மூலக்கூறுகள் எந்நிலையில் ஒன்றோடொன்று பிணைந்து வலையாக இறுகும் என்பதை 1941இல் அவர் கணித்துக் காட்டினார். பலபடிக் கரைசல்களைப் பற்றி அவரும் மாரிஸ் ஹக்கின்சும் தனித்தனியே கண்ட கோட்பாடு, இருவர் பெயராலும் வழங்குகிறது. அது பின்னர்ப் பலபடிக் கலவைகளுக்கும் விரிந்தது.

உதிரி மல்லிகையையும் உதிரிக் கனகாம்பரத்தையும் கூடையிலிட்டுக் குலுக்கினால், அவை எண்ணற்ற வகைகளில் கலக்கும். அவற்றையே நீண்ட சரங்களாகத் தொடுத்துவிட்டால், கலக்கும் வகைகள் மிகக் குறைந்துவிடும். நெடுஞ்சங்கிலிகளின் நிலையும் இதுவே. கலப்பதால் அவை பெறும் ஒழுங்கின்மை மிகச் சிறிது. ஆகவே, இருவகைச் சங்கிலிகளுக்கிடையே சிறு ஒவ்வாமை இருப்பினும் அவை பிரிந்துவிடும். பாலிதீனைப் பாருங்கள். நேர்ச்சங்கிலிகள் நெருங்கி அடுங்கி உறுதியான கலன்களைத் தருகின்றன. கிளைத்தவை நெருங்க இயலாமல் மெல்லிய பைகளாகின்றன. இரண்டும் எத்திலீனிலிருந்தே பிறப்பினும், கிளைகள் மிகும்போது உருகிய நிலையிலேயே பிரியக்கூடும் என்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

ஃபுளோரி 1974இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அப்புகழைச் சோவியத் நாட்டில் ஒடுக்கப்பட்ட அறிவியலாளர்களின் உரிமைக்குக் குரல்கொடுக்கப் பயன்படுத்தினார். 1985 செப்டம்பர் 9 அன்று மறைந்தார்.

நெகிழிக் கழிவுகளை வகை பிரிக்காமல் உருக்கினால், எளிதில் உடையும் பொருளே பெரும்பாலும் கிடைக்கும். குப்பையைத் தரம்பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் உழைப்புக்குப் பின்னே உள்ள அறிவியலை விளக்குவது ஃபுளோரியின் கணக்கு. அவ்வுழைப்பை எளிதாக்கும் பொறுப்பு நம் வீட்டு வாயிலிலேயே தொடங்குகிறது.