முதல் ஊசி தமக்கே

கொள்ளைநோய் வரும்போதெல்லாம் வதந்தியும் கூடவே வருகிறது. காக்க வந்த மருத்துவரையே கொல்ல வந்தவர் என்று மக்கள் அஞ்சுவதும் உண்டு. அத்தகைய அச்சத்தின் நடுவே நம் நாட்டில் உழைத்தவர் வால்டெமர் ஹாஃப்கின் என்னும் அறிஞர். அவருடைய வாழ்வைச் சற்றே நோக்குவோம்.

கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரில் 1860-ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1892 ஜூலை 18-ஆம் நாள் அதைத் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். மறு ஆண்டு இந்தியா வந்தார். கல்கத்தாச் சேரிமக்கள் அவரை நம்பத் தயங்கினர். அவரோ இந்திய மருத்துவர்களைத் துணையாகக் கொண்டார். மக்கள் கண்முன்னே தாமே ஊசி போட்டுக்கொண்டார். மெல்ல மெல்ல அச்சம் தணிந்தது.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஆங்கில அரசு வீடு வீடாகச் சோதனையிட்டது. நோயுற்றோரைக் குடும்பத்தினின்று பிரித்துக் கொண்டுபோயிற்று. ஆகவே அரசாங்க மருத்துவம் என்றாலே மக்கள் நடுங்கினர். ஹாஃப்கின் இரவு பகல் பாராது உழைத்து, 1897 ஜனவரி 10 அன்று புதிய மருந்தையும் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் அவரை வாட்டின. இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் பலரறிய ஊசி போட்டுக்கொள்ள, அவரைச் சார்ந்தோரும் துணிந்து வந்தனர்.

ஆயினும் பெருஞ்சோதனை ஒன்று காத்திருந்தது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் ரண ஜன்னி கண்டு இறந்தனர். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, பதவியும் பறிபோயிற்று. அந்தப் பத்தொன்பது பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதைத் திறந்தபோது இடுக்கி மண்ணில் விழுந்திருந்தது. அந்த உண்மை ஊரறிய ஐந்து ஆண்டுகள் ஆயின. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வாதாடினர். 1907-இல் பழி நீங்கியது. தம்மை வருத்திய இந்நாட்டுக்கே அவர் மீண்டும் பணிபுரிய வந்தார்.

1925-இல் அவருடைய பம்பாய் ஆய்வுக்கூடம் அவர் பெயரைப் பெற்றது. இறுதிவரை இறைப்பற்றில் ஊன்றி நின்ற அவர் 1930-இல் லொசான் நகரில் காலமானார்.

அஞ்சிய மக்களை நாம் இகழ வேண்டாம். அவர்கள் அஞ்சக் காரணம் இருந்தது. அந்த அச்சத்தைத் தணித்தது அதிகாரம் அன்று. ஊசிக்கு முதலில் நீண்ட அவருடைய கையே. கேட்டதையெல்லாம் பரப்பாமல் உண்மையைத் தேடி அறிவோம். பிறரை நம்பச் சொல்லுமுன் நாமே செய்து காட்டுவோம்.