லேவுக்கு முதல்ல வழி திறந்தது பைக் இல்ல, ஒரு டகோட்டா! - பனிமலை தாண்டிய 'மெஹர் பாபா'வின் கதை

காலை ஷிஃப்ட் நேரத்துல ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டுல போயிருக்கீங்களா? கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, டீக்கடை கூட்டம்னு அந்த ரோடே பரபரன்னு இருக்கும். ஒரகடத்துலயும் பக்கத்துல வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இருக்கு. இங்கே தயாராகி வெளியே வர்ற பைக்குகள்ல எத்தனையோ, ஏதாவது ஒரு கோடைக்காலத்துல லடாக் மலை ஏறும். பைக்கைச் செய்யறவங்க, வாங்கறவங்க ரெண்டு தரப்போட பக்கெட் லிஸ்ட்லயும் இருக்கிற ஒரே ஊர், லே.

இன்னிக்கு லே போக ரோடு இருக்கு, ஏர்போர்ட் இருக்கு. 1948-ல ரெண்டும் கிடையாது. கால்நடையாகவோ, மட்டக்குதிரையிலோ பனிக்கணவாய்களைத் தாண்டித்தான் போகணும். அப்படிப்பட்ட ஊர்ல முதன்முதலா ஒரு விமானத்தைக் கொண்டுபோய் இறக்கினவர் மெஹர் சிங். விமானப்படையில செல்லமா 'மெஹர் பாபா'. அவருக்கும் நம்ம தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அதுக்கு அப்புறம் வருவோம்.

காக்பிட்டில் தொடங்கிய வாழ்க்கை

1915 மார்ச் 20. இன்னிக்கு பாகிஸ்தான்ல ஃபைசலாபாத்னு சொல்ற லயால்பூர் பகுதியில பிறந்தார் மெஹர் சிங். 1934-ல இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்வானார். 1936-ல அதிகாரியாகி, இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன்ல சேர்ந்தார். அப்போ இந்தியாவிடம் இருந்தது அந்த ஒரே ஒரு ஸ்குவாட்ரன்தான்.

முதல் வேலையே வடமேற்கு எல்லைப்புற மலைகள்ல. ஓட்டினது 'வாபிட்டி'. திறந்த காக்பிட், ரெண்டு அடுக்கு இறக்கை கொண்ட பழைய ரக விமானம். ஒருமுறை கீழேயிருந்து சுட்டதுல விமானம் அடிபட, மலைக்கு நடுவுல இறக்க வேண்டியதாயிடுச்சு. கூட இருந்த சக வீரரோடு எதிரிகள் கண்ணுல படாம நடந்தே ராணுவ முகாமுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் மறுபடி பறக்கப் போயிட்டார்.

திருச்சியில் பிறந்த படை

இப்போ அந்தத் தமிழ்நாட்டுத் தொடர்பு. 1942 டிசம்பர்ல விமானப்படையின் 6-வது ஸ்குவாட்ரன் உருவானது நம்ம திருச்சியில. அதுக்கு முதல் தலைவர் மெஹர் சிங். 'ஹரிகேன்' விமானங்களோட அந்தப் படை பர்மா போர்முனைக்குப் போச்சு. வேலை, எதிரி இருக்கும் இடத்துக்கு மேல தாழப் பறந்து படம் எடுக்கறது. சுடறவங்களுக்கு ரொம்ப சுலபமான இலக்கு. தலைவரும் மத்தவங்களைப் போலவே அந்தப் பயணங்களுக்குப் போனார்.

1944-ல அவருக்கு டி.எஸ்.ஓ விருது கிடைச்சது. இரண்டாம் உலகப்போர்ல இந்திய விமானப்படையில அந்த விருதை வாங்கினவர் இவர் ஒருத்தர்தான்.

பூஞ்ச்: மைதானமே ஓடுதளம்

1947 அக்டோபர். காஷ்மீர்ல சண்டை தொடங்கியாச்சு. அங்கே விமானப்படைக்குப் பொறுப்பு ஏர் கமடோர் மெஹர் சிங். பூஞ்ச் நகரம் முற்றுகையில சிக்கிக்கிச்சு. உள்ளே சிறு படையும், ஆயிரக்கணக்கான அகதிகளும். சாப்பாடும் மருந்தும் போக வான்வழி மட்டும்தான். ஊர்மக்களும் ராணுவமும் சேர்ந்து ஒரு சின்ன ஓடுதளத்தைச் சமன்படுத்தினாங்க. சுத்தியும் மலை.

அதுல சரக்கோட முதல் டகோட்டாவை இறக்கினது மெஹர் சிங். பக்கத்துலயே, பின்னாளில் விமானப்படைத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி. உயரதிகாரியே இறங்கிக் காட்டின பிறகு, இது முடியாத வேலைன்னு யார் சொல்ல முடியும்? வரிசையா டகோட்டாக்கள் வந்தன. போகும்போது சாமான், திரும்பும்போது அகதிகள்.

ஏன் லே அவ்வளவு கஷ்டம்?

லடாக்ல பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும். கணவாய் ஏற ஏற பைக்குக்கும் மூச்சு வாங்கும், நமக்கும் மூச்சு வாங்கும். லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்துல இருக்கு. அங்கே காற்றோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல சுமார் 70 சதவிகிதம்தான். விமானத்துக்கு இது மூணு பக்கத்துலயும் அடி. இன்ஜினுக்குச் சக்தி குறையும். புரொப்பெல்லர் தள்ள காற்று குறையும். இறக்கையைத் தாங்கவும் காற்று குறையும். அதனால அதிக வேகத்துல இறங்கணும், அதிக தூரம் ஓடித்தான் மேலே கிளம்பணும்.

அதோட குளிர். குளிர்ல இன்ஜின் ஆயில் கெட்டியாகும். மேகத்துக்குள்ள நுழைஞ்சா இறக்கையில பனி ஒட்டும். ஒட்டின பனி எடையைக் கூட்டறதோட இறக்கையோட வடிவத்தையே கெடுத்துடும். வடிவம் கெட்டா விமானம் மேலே நிக்காது.

டகோட்டா 1935-ல முதன்முதலா பறந்த டி.சி-3 பயணிகள் விமானத்தோட ராணுவ வடிவம். ரெண்டு இன்ஜின். ரொம்ப நம்பகமான வண்டி. ஆனா இமயமலைக்காகச் செஞ்சது இல்ல. உள்ளே காற்றழுத்தத்தைச் சீரா வைக்கிற வசதி கிடையாது. அன்னிக்கு லேவுக்குப் போன விமானத்துல பனியை நீக்கும் கருவியும் இல்ல. ஒரு இன்ஜின் நின்னுட்டா, மீதி ஒண்ணை வெச்சுக்கிட்டு அந்தச் சிகரங்களுக்கு மேல பறக்கவே முடியாது.

1948 மே 24

அந்த மே மாசம் கார்கில் கைவிட்டுப் போச்சு. அடுத்து லே. அங்கே இருந்த காவல் படை ரொம்பச் சின்னது. அதுக்குச் சில மாசம் முன்னாடியே, குளிர்காலப் பனியில ஜோஜி லா கணவாயை நடந்தே தாண்டிப் போயிருந்தது மேஜர் பிரிதி சந்தோட சிறு குழு. அவங்களோட போன லடாக் இன்ஜினீயர் சோனம் நோர்பு, ஊர்மக்களை வெச்சு சிந்து நதிக்கரையில ஒரு ஓடுதளம் போட்டார். அதுல விமானம் இறங்க முடியுமான்னு யாருக்கும் தெரியாது. இறங்கிப் பார்த்தாதான் தெரியும்.

மெஹர் சிங் தானே ஓட்டிப்போனார். கூட இருந்தவர் ராணுவத் தளபதி மேஜர் ஜெனரல் திம்மையா. சரியான வரைபடம் இல்லாத வழி. ஜோஜி லா, ஃபோட்டு லா கணவாய்களையும், அவற்றைச் சுற்றியிருக்கிற சிகரங்களையும் கடந்து, சிந்து நதிக்கரை மணல்ல டகோட்டாவோட சக்கரம் பட்டுச்சு.

அடுத்து வந்த நாள்கள்ல கூர்க்கா வீரர்கள் விமானத்துலயே லேவுக்குப் போய் இறங்கினாங்க. லே காப்பாற்றப்பட்டது. பூஞ்ச் மாதிரியே இங்கேயும் நடந்தது ஒண்ணுதான். பாதுகாப்பானதான்னு தெரியாத இடத்துல தான் முதல்ல இறங்கின பிறகுதான், மத்தவங்க அங்கே போனாங்க.

விருது வந்தது, அவர் இல்லை

இதுக்குப் பிறகு அவர் இன்னும் பெரிய பதவிக்குப் போயிருப்பார்னுதானே நினைப்பீங்க? இல்ல. மேலிடத்தோட கருத்து வேறுபாடு. அதே 1948-ல, 33 வயசுல ராஜினாமா செஞ்சுட்டார். 1950-ல மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டப்போ, அந்த விருதைப் பெற்ற முதல் விமானப்படை வீரர் அவர்தான். ஆனா அப்போ அவர் படையில இல்ல. பட்டியாலா மகாராஜாவுக்கு ஆலோசகரா இருந்தார்.

1952 மார்ச். ஜம்முவிலிருந்து டெல்லிக்கு ஒரு இரவுப் பயணம். புயல்ல சிக்கி விமானம் விழுந்துச்சு. 37-வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னாடி மெஹர் சிங் இறந்துபோனார். இமயமலை விட்டுவைத்தவரை, ஒரு சாதாரணப் பயணம் கொண்டுபோயிடுச்சு.

டகோட்டா இன்னும் பறக்குது

அந்த விமானத்தோட கதை அதோட முடியல. 1956-ல தென்துருவத்துல முதன்முதலா இறங்கிய விமானமும் இதே ரகம்தான். சக்கரத்தோட பனிச்சறுக்குப் பலகை மாட்டின அமெரிக்கக் கடற்படை விமானம் அது. இன்னிக்கும் பழைய டி.சி-3 உடம்புல புது டர்போபிராப் இன்ஜின் பொருத்தின 'பாஸ்லர்' விமானங்கள் அண்டார்டிகாவுல வேலை பார்க்குது.

மெஹர் சிங் பேரையும் விமானப்படை மறக்கல. பேரிடர் நிவாரணத்துக்குக் கூட்டமா பறக்கிற ட்ரோன்களை உருவாக்கறவங்களுக்கு 2018-ல அறிவிச்ச போட்டிக்கு 'மெஹர் பாபா' பேர்தான். வழி இல்லாத இடத்துக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோறதுதான் அந்த ட்ரோன்களோட வேலை. பூஞ்ச்ல அவர் செஞ்ச அதே வேலை.

நம்ம வல்லம் வடகாலில் இப்போ பைக் ஆலையோட ஏரோஸ்பேஸ் பூங்காவும் இருக்கு. ட்ரோன்களைச் சோதிக்கிற மையத்துக்கும் அந்த இடத்தைத்தான் தேர்வு செஞ்சிருக்காங்க. அங்கே வேலைக்குப் போற யாராவது இதைப் படிச்சுக்கிட்டிருக்கலாம். நீங்க லேவுக்குப் போனா, முதல் ரெண்டு நாள் மூச்சுக்குப் பழக ரூம்லயே ரெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க. அப்போ ஜன்னல் வழியா, விமானம் இறங்கிற அந்தப் பள்ளத்தாக்கை ஒரு தடவை பாருங்க.