சொந்த வீடு இல்லை, உலகம் முழுக்க நண்பர்கள்! யார் இந்த பால் எர்டோஷ்?

ஊர் மாறினாலே நட்பு விட்டுப்போச்சுன்னு வருத்தப்படுறவங்க நம்மில் நிறைய பேர். ஆனா, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊர் ஊராகச் சுற்றிய ஒரு மனிதர், உலகின் மிகப்பெரிய நட்பு வட்டங்களில் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். அவர்தான் ஹங்கேரியைச் சேர்ந்த கணித மேதை பால் எர்டோஷ்.

சொந்த வீடு கிடையாது. நிரந்தர வேலை கிடையாது. திருமணம் செய்துகொள்ளவில்லை. கையில் ஒரு பெட்டி, கொஞ்சம் துணி, நிறைய காகிதம். இப்படி வாழ்ந்தவர் சுமார் 1,500 ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். அவருடன் சேர்ந்து எழுதியவர்கள் மட்டும் 500-க்கும் மேற்பட்டவர்கள். அதெப்படி முடிந்தது?

சிலைக்கு அடியில் தொடங்கிய நட்பு

1913 மார்ச் 26-ம் தேதி புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் எர்டோஷ். அப்பா, அம்மா இருவருமே கணித ஆசிரியர்கள். அவர் பிறந்த அதே சமயத்தில்தான் 3 வயது, 5 வயது அக்காக்கள் இருவரும் காய்ச்சலில் இறந்துபோனார்கள். முதல் உலகப் போரில் அப்பா ரஷ்யப் படையிடம் சிக்கி, சுமார் 6 ஆண்டுகள் சைபீரியாவில் கைதியாக இருந்தார். மிச்சமிருந்த ஒரே பிள்ளையை அம்மா கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். பெரும்பாலும் வீட்டிலேயே பாடம். வெளியில் விட்டால் நோய் வந்துவிடுமோ என்ற பயம்!

இப்படி வளர்ந்தவருக்குக் கல்லூரிக் காலத்தில்தான் நண்பர்கள் கிடைத்தார்கள். புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் அனானிமஸ் என்ற பழங்கால வரலாற்று ஆசிரியரின் சிலை இருக்கிறது. அதற்கு அடியில் கூடி ஒரு இளைஞர் கூட்டம் கணக்குப் போடும். எஸ்தர் கிளைன், ஜார்ஜ் செகரெஷ், பால் டூரான், டிபோர் கல்லாய் எல்லாம் அந்த செட்தான்.

ஒருநாள் எஸ்தர் ஒரு கேள்வி போட்டார். ஒரே கோட்டில் மூன்று வராதபடி தாளில் ஐந்து புள்ளிகள் வைத்தால், அதில் நான்கு புள்ளிகளை இணைத்து உள்பக்கம் குழி விழாத நாற்கரம் கட்டாயம் கிடைக்குமா? கிடைக்கும். புள்ளிகள் கூடினால் என்ன ஆகும் என்று யோசித்து, எர்டோஷும் செகரெஷும் 1935-ல் கட்டுரை எழுதினார்கள். 1937-ல் எஸ்தரும் செகரெஷும் கல்யாணமே செய்துகொண்டார்கள். அதனால் எர்டோஷ் இந்தக் கணக்குக்கு 'சுப முடிவுக் கணக்கு' என்று பெயர் வைத்தார்.

ஏன் நாடோடி ஆனார்?

ஆசைப்பட்டு மட்டும் ஆகவில்லை. 1930-களில் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான போக்கு கடுமையாக இருந்தது. 1934-ல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். 21 வயசு வரைக்கும் ரொட்டிக்குத் தானே வெண்ணெய் தடவியது இல்லையாம். அங்கேதான் அதையும் கற்றுக்கொண்டார்.

1938-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன். அங்கே வாய்ப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமாகப் போக ஆரம்பித்தார். இடையில் இரண்டாம் உலகப் போர். 1942-ல் அப்பா மாரடைப்பில் காலமானார். உறவினர்கள் பலர் நாஜிக்களால் கொல்லப்பட்டார்கள். அம்மா உயிர் தப்பினார். 10 ஆண்டுகள் கழித்து, 1948-ல்தான் அம்மாவைப் பார்க்க முடிந்தது.

அடுத்த அடி 1954-ல். ஆம்ஸ்டர்டாமில் நடந்த கணித மாநாட்டுக்குப் போக விரும்பினார். கம்யூனிஸ்ட் பயம் உச்சத்தில் இருந்த நேரம் என்பதால், போனால் திரும்பி வர விசா கிடையாது என்றது அமெரிக்கா. மாநாட்டில் நண்பர்களைச் சந்திப்பதுதான் முக்கியம் என்று கிளம்பிவிட்டார். 1963 வரைக்கும் அமெரிக்கா அவரை முறையாக அனுமதிக்கவில்லை. அந்தக் காலத்தில் இஸ்ரேல் அவருக்கு இடம் கொடுத்தது. அவருடைய பேச்சில் அமெரிக்காவுக்கு 'சாம்', சோவியத் யூனியனுக்கு 'ஜோ' என்று பெயர். இரண்டு பேருமே அவருக்குத் தொல்லைதான்!

பிரிந்தாலும் அறுந்துபோகாத நட்பு - எப்படி?

நண்பர் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நிற்பார். காபி குடித்த கையோடு கணக்கு ஆரம்பமாகும். சில நாட்களில் ஒரு கட்டுரை தயாராகும். பிறகு அடுத்த ஊர்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. யார் எந்தக் கணக்கில் திணறுகிறார்கள் என்பது அவருக்கு நினைவில் இருக்கும். புடாபெஸ்டில் ஒருவருக்குத் தெரிந்த வழி, கலிஃபோர்னியாவில் இன்னொருவருக்குத் தேவைப்படும். இருவரையும் இணைத்து வைப்பார். தொலைபேசி எண்கள் மனப்பாடம். கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கும். அதில் நலம் விசாரிப்பு ஒரு வரி, மிச்சமெல்லாம் கணக்கு.

தீராத கணக்குகளுக்குத் தன் கைக்காசில் பரிசு அறிவிப்பார். 10 டாலரில் இருந்து ஆயிரக்கணக்கான டாலர் வரை. ஹங்கேரியின் செமெரெடி ஒரு கணக்கைத் தீர்த்ததற்கு 1,000 டாலர் கொடுத்தார். 1983-84-க்கான உல்ஃப் பரிசாகக் கிடைத்த 50,000 டாலரில் தனக்கு வைத்துக்கொண்டது வெறும் 720 டாலர்.

ஹார்வர்டில் படிக்கப் பணம் இல்லாமல் தவித்த ஒரு மாணவருக்கு 1,000 டாலர் கடன் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து அவர் திருப்பித் தர வந்தபோது வாங்கவில்லை. அந்தப் பணத்தைத் தன்னைப் போலவே இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

சென்னைக்கும் வந்தவர்

1970-களில் சென்னையில் கல்லூரி மாணவராக இருந்த கிருஷ்ணசாமி அல்லாடி, எண் கோட்பாட்டில் தான் செய்த வேலை பற்றி எர்டோஷுக்குக் கடிதம் எழுதினார். கல்கத்தா வரவிருந்த எர்டோஷ், பயணத் திட்டத்தையே மாற்றி 1975-ல் சென்னைக்கு வந்து அந்த மாணவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து கட்டுரையும் எழுதினார்கள். அல்லாடி பின்னர் அமெரிக்காவில் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர் ஆனார்.

ராமானுஜனை எர்டோஷ் பார்த்ததே இல்லை. ஆனால் ஹார்டியும் ராமானுஜனும் தொடங்கிவைத்த ஆய்வை மேலே கொண்டுபோனவர்களில் இவரும் ஒருவர். சென்னையில் உரையாற்றியதற்காகத் தனக்குக் கிடைத்த பணத்தை, ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் இனிப்பு மட்டும்தானா?

இல்லை. எர்டோஷ் வந்தால் வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போச்சு. விடியற்காலையிலேயே கணக்குப் பேச எழுப்பிவிடுவார். சமையல் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது. துணி துவைப்பது முதல் வரி கட்டுவது வரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதில் பெரும் பங்கை ஏற்றவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ரான் கிரஹாம். 1963-ல் ஒரு மாநாட்டில் அறிமுகம். அதன் பிறகு எர்டோஷின் வரவு செலவு, தபால், பரிசு காசோலை எல்லாம் அவர் பொறுப்பு. தன் வீட்டில் எர்டோஷுக்காகவே ஓர் அறையும் கட்டினார். எர்டோஷ் சுற்றிக்கொண்டே இருக்க முடிந்ததற்குக் காரணம், ஓரிடத்தில் நிலையாக இருந்து கதவைத் திறந்து வைத்த இவரைப் போன்ற நண்பர்கள்தான்.

முறிந்த உறவும் உண்டு. 1948-ல் பகா எண்கள் பற்றிய ஒரு பெரிய தேற்றத்துக்கு எளிய வழி நிரூபணம் கிடைத்தபோது, அது யாருக்குச் சேரும் என்பதில் எர்டோஷுக்கும் ஆட்லே செல்பெர்க்குக்கும் மனக்கசப்பு வந்தது. சேர்ந்து எழுத வேண்டிய கட்டுரை தனித்தனியாக வெளிவந்தது. பிறகு அவர்கள் சேர்ந்து வேலை செய்யவே இல்லை.

1964-ல் இருந்து, 84 வயதான அம்மாவும் அவருடன் பயணம் செய்தார். 1971-ல் கனடாவின் கால்கரி நகரில், அப்படி ஒரு பயணத்தின்போதே அம்மா காலமானார். அந்தத் துக்கத்தில் இருந்து எர்டோஷ் முழுசாக மீளவில்லை. வேலை நேரத்தை இன்னும் கூட்டிக்கொண்டார்.

இன்றும் தொடரும் 'எர்டோஷ் எண்'

எர்டோஷுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவருக்கு எர்டோஷ் எண் 1. அவருடன் எழுதியவருக்கு 2. இப்படிப் போகும் இந்த விளையாட்டில் ஐன்ஸ்டீனின் எண் 2! இருவருடனும் வேலை செய்த எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸ் என்பவர் நடுவில் இருப்பதால் இந்தக் கணக்கு. இன்றும் கணித உலகில் தங்கள் எண் என்ன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.

1996 செப்டம்பர் 20-ம் தேதி, போலந்தின் வார்சா நகரில் கணித மாநாட்டுக்குப் போயிருந்தபோது மாரடைப்பால் எர்டோஷ் காலமானார். அப்போது அவருக்கு வயது 83. புடாபெஸ்டில் பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் போட்ட கட்டுரைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகளுக்கு வெளிவந்தன. அவர் பாதியில் விட்டுப்போன கணக்குகளை நண்பர்கள் முடித்து, அவர் பெயரையும் சேர்த்தே அனுப்பினார்கள்.