ஜேம்ஸ் சார்ஜென்ட்

இரும்புப் பெட்டியொன்றை விலைக்கு வாங்கும் வணிகர் அதனோடு ஓர் இரகசியத்தையும் வாங்குகின்றார். அவ்விரகசியத்தைப் பெட்டி செய்தவன் அறிவான். விற்றவன் அறிந்திருத்தலுங் கூடும். முன்னர் அதனை ஆண்டவன் மறந்திரான். இத்துணைப் பேர் அறிந்ததொன்றை இரகசியம் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? இக்கேள்வியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு விடை கண்டவர் அமெரிக்க ஐக்கிய நாட்டினரான ஜேம்ஸ் சார்ஜென்ட் என்பார்.

இவர் 1824-ஆம் ஆண்டில் வெர்மான்ட் மாகாணத்துச் செஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தவர். இவரது பெயர் முதன்முதல் வெளிப்பட்டது பூட்டினால் அன்று. ஆப்பிட் பழத்தின் தோலைச் சீவும் ஒரு சிறு பொறியினால். 1853-இல் கூட்டாளி ஒருவருடன் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பழந்தோலுக்கும் வங்கிப் பெட்டகத்துக்கும் யாது தொடர்பென்று நகைப்பார் உளராயினும், பற்சக்கரத்தின் இயல்பைக் கைபழக அறிந்தவனுக்கு இரண்டும் ஒரே பாடமே. மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஷெல்பர்ன் பால்ஸ் என்னும் சிற்றூரில் லைனஸ் யேல் என்ற புகழ்பெற்ற பூட்டாசிரியர், ஹால்பர்ட் கிரீன்லீப் என்பவரோடு கூடித் தொழில் நடத்தினார். சார்ஜென்ட் அவர்களிடம் ஊர்தோறுஞ் சென்று பூட்டு விற்கும் முகவராய் அமர்ந்தார்.

பூட்டு விற்கப் போனவர் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டார். குமிழைச் சுழற்றுங்கால் உள்ளே சக்கரங்கள் உரசுவதால் எழும் மயிரிழை வேறுபாடுகளை அளந்தறியும் நுண்ணளவுக் கருவியொன்றைத் தாமே அமைத்து, வங்கியார் நம்பியிருந்த பெயர்பெற்ற பூட்டுகள் பலவற்றை எண் அறியாமலே திறந்து காட்டினார். இத்தகைய திறமை தீயவன் கையிற் சிக்கியிருப்பின் விளைவு யாதாகும் என்பதை எண்ணவும் வேண்டுமோ? பிறர் பூட்டின் குறைகளை இவ்வாறு எண்ணியறிந்த பின்னரே தம் பூட்டைச் செய்யத் தொடங்கினார்.

எண்பூட்டின் உள்ளமைப்பைச் சிறிது கூறினாலன்றி இவர் செய்த நன்மை விளங்காது. குமிழின் பின்னே மூன்று அல்லது நான்கு சக்கரங்கள் ஓர் அச்சில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு காடி உண்டு. உரிய எண்களை முறைப்படி சுழற்றின் காடிகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும், மேலிருக்குஞ் சட்டம் அவற்றினுள் வீழும், தாழ் விலகும். முகவட்டத்தில் 100 கோடுகள் உளவாயின், மூன்று சக்கரங்களுக்குக் கணக்களவில் 10,00,000 எண்வரிசைகள் கிடைக்கும். எனினும் பழம்பூட்டுகளிற் பக்கத்துக் கோடும் பலகால் பொருந்திவிடுமாதலின், உண்மைத் தொகை அதனினும் மிகக் குறைவே.

பழைய முறையில் இவ்வெண்ணை மாற்ற வேண்டின், பூட்டைப் பிரித்துச் சக்கரங்களை ஒவ்வொன்றாய் வெளியிலெடுத்து, நடுவளையத்தைக் கையால் இடம்பெயர்த்து மீண்டும் அடுக்க வேண்டும். வங்கிக் குமாஸ்தா இதற்குத் துணியார். பூட்டு வேலைக்காரனை அழைப்பார். அழைத்த அன்றே புதிய எண்ணும் அயலான் அறிந்த எண்ணாகிவிடும். ஆகவே ஊழியர் ஒருவர் வேலையை விட்டு நீங்கினும், பலர் எண்ணை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் விட்டிருந்தனர்.

சார்ஜென்ட் வெற்றி பெறச் செய்து காட்டிய முறையோ, பூட்டைப் பிரியாமல் ஒரு சிறு திறவுகோலால் எண்ணை மாற்றுவது. அவர் வழியில் வந்த பூட்டுகளில் அச்செயல் நடக்கும் விதம் இது: கதவைத் திறந்து தாழை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, பழைய எண்களை வழக்கமான குறிக்கு நேராகவன்றி, அதற்கெனப் பக்கத்தே இட்ட மற்றொரு குறிக்கு நேராகச் சுழற்றுவர். அப்பொழுது சக்கரங்களிலுள்ள சிறு துளைகள் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பொருந்தும். பின்புறத் துளைவழியே மாற்றுத் திறவுகோலைச் செலுத்தித் திருப்பின், சக்கரங்களின் உள்வளையமும் வெளிவளையமும் பிரிந்து நெகிழும். புதிய எண்களை அதே குறியிற் சுழற்றிக் கோலை மீளத் திருப்பி எடுத்தால் அவை இறுகிவிடும். பழைய எண்ணை அறியாதவன் கையில் மாற்றுத் திறவுகோல் இருந்தும் பயனில்லை. துளைகள் பொருந்தாமையின் அஃது உள்ளே புகாது. கதவைச் சாத்துமுன் புதிய எண்ணை இருமுறை மும்முறை சுழற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. இச்சிறு பொறுமை இல்லாமையால் துளையிட்டுத் திறக்கப்பட்ட பெட்டிகள் பல.

தடவியறியும் கள்வரை ஏமாற்றக் காந்தமொன்றையும் அவர் தம் பூட்டினுள் அமைத்தார். 1865-இல் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரிற் றொழில் தொடங்கினார். முன்னாள் முதலாளியாகிய கிரீன்லீப் 1867-இல் இவருடன் பங்காளியாய்ச் சேர்ந்தார். அரசாங்கப் பொக்கிஷ இலாகாவும் இவர் பூட்டுகளை மேற்கொண்டது.

ஆயினும் எண் இருக்குமிடம் மனிதன் தலையாதலின், கள்வர் பூட்டை விட்டுத் தலையைத் தேடலாயினர். இதற்கு மாற்றாகச் சார்ஜென்ட் 1873-இல் காலப்பூட்டினை அமைத்தார். மாலையிற் கடிகாரத்தை முடுக்கிவிட்டால், குறித்த மணி வரும்வரை சரியான எண்ணுக்கும் கதவு திறவாது. ஒன்று நின்றுவிடினும் மற்றொன்று திறக்கட்டுமென்று கடிகாரங்கள் இரண்டு வைத்தார். 1874-இல் இல்லினாய் மாகாணத்து மாரிசன் என்னும் ஊரின் வங்கியில் அது பொருத்தப்பட்டது.

அதன் அருமையை நாடு உணர்ந்தது 1876 ஜனவரியில். மாசச்சூசெட்ஸில் உள்ள நார்தாம்ப்டன் நகரில் முகமூடியணிந்த கள்வர் வங்கிக் காசாளர் இல்லத்தில் நள்ளிரவிற் புகுந்து, வீட்டாரைக் கட்டிவைத்து, அவரை வதைத்து எண்களைக் கேட்டனர். அவர் பொய்யெண்களைக் கூறிப் பார்த்தார். திரும்பச் சொல்லும்படி கேட்டபொழுது அவை முரண்பட்டமையால் பொய் வெளிப்பட்டது. பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணமும் பத்திரங்களும் கொள்ளை போயின. பெட்டகக் கம்பெனியின் ஆளாய் அவ்வங்கிக்கு வந்து போனவனே உளவு சொன்னவன் என்பது பின்னர்த் தெரிய வந்தது. காசாளருக்கே திறக்க இயலாத கதவாயிருந்திருப்பின், அவரை வதைப்பதாற் கள்வர் பெறுவது ஒன்றுமில்லை. ஆகவே வங்கிகள் காலப்பூட்டை நாடி வரலாயின.

யேல் 1868-இலேயே காலமானார். அவர் பெயர் தாங்கிய கம்பெனிக்கும் சார்ஜென்டுக்கும் உரிமைப் பத்திரங்கள் பற்றி நீண்ட வழக்கு நிகழ்ந்தது. போட்டியால் விலை குறைக்க நேர்ந்த நட்டத்தையும் ஈடு செய்ய வேண்டுமென்று, 1886-இல் உச்ச நீதிமன்றம் சார்ஜென்டுக்குச் சாதகமாய்த் தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் எந்தக் கூடத்தின் பூட்டுகளைத் தோளிற் சுமந்து விற்றாரோ, அதன் வழித்தோன்றலோடே வழக்காட நேர்ந்தது!

சார்ஜென்ட் 1910-ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் நகரில் உயிர்நீத்தார். அவர் பெயர் பொறித்த பழம்பெட்டிகள், எண்ணை எவரிடமுங் கூறாமல் இறந்துபோன உடையவர்களின் வீடுகளிலிருந்து, பூட்டுத் தொழிலாளரிடம் இன்றும் வந்துகொண்டேயிருக்கின்றன.