சாலையில் நிலைத்த பெயர்

கொங்கு நாட்டுத் திரைத்தொழிலின் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். 1883ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்தார். 1905இல் அங்கு வந்திருந்த டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர், உடல்நலம் குன்றித் தாயகம் திரும்ப எண்ணித் தம் படக்காட்சிக் கருவியை விற்க முற்பட்டார். அதனை விலைக்கு வாங்கிய வின்சென்ட், நிலையான ஊதியத்தைத் துறந்து ஊர் ஊராகப் புறப்பட்டார். அப்பயணம் வடக்கே பெஷாவர் வரை நீண்டது.

அசையும் படத்தைக் கண்டறியாத மக்களைக் கூடாரத்திற்குள் அழைப்பது எளிதன்று. படமோ ஊமைப்படம், அதற்காகப் பேசவேண்டியவை பறையொலியும் துண்டறிக்கையுமே. கூடாரம் இடம்பெயருந்தோறும் அறிமுகத்தை மீண்டும் தொடங்கவேண்டும்.

நிலைத்த அரங்கிற்கோ நினைவில் நிற்கும் பெயர் வேண்டும். 1914இல் கோவையில் தாம் எழுப்பிய அரங்கிற்கு அவர் வெரைட்டி ஹால் எனப் பெயரிட்டார். பலவகைக் காட்சிகள் இங்குண்டு என்பதை அப்பெயரே அறிவித்தது. 1916இல் மின்விசையால் இயங்கும் அச்சகம் ஒன்றையும் நிறுவினார். படம் காட்டும் அரங்கும் அறிவிப்பை அச்சிடும் பொறியும் இவ்வாறு ஒருவர் கையில் அமைந்தன.

பின்னர்ப் படத்தயாரிப்பிலும் ஈடுபட்ட அவர், கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றத் துணைநின்றார்; 1942இல் மறைந்தார்.

அரங்கு பிற்காலத்தில் டிலைட் எனப் பெயர் மாறிற்று. துண்டறிக்கைகள் அவ்வப்போதே மறைந்திருக்கும். ஆயினும் அவ்விடத்துச் சாலை இன்றும் வெரைட்டி ஹால் சாலையே. அவர் பெயரை அறியாதவரும் அவர் இட்ட பெயரை நாள்தோறும் வழங்குகின்றனர். சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் எண்ணத்தக்க பேறு அது.