மலைமேல் நந்தவனம் கண்ட அனந்தாழ்வான்

திருவரங்கத்தில் ஒருநாள் எம்பெருமானார் திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்து வருகையில், திருவேங்கடத்தின் பூக்களைப் போற்றும் இடம் வந்தது. அம்மலையில் தங்கி, நந்தவனம் அமைத்து, நாள்தோறும் புஷ்ப கைங்கர்யம் செய்ய வல்லார் உண்டோ என அவர் வினவினார். கோஷ்டி மௌனமாயிருந்தது. மலைக்குளிரின் அச்சம் ஒருபுறம். ஆசார்யனைப் பிரிய மனமின்மை மறுபுறம். எழுந்து நின்றவர் அனந்தாழ்வான் ஒருவரே. அத்துணிவை மெச்சி ஆசார்யர் அவரை ஆண்பிள்ளை என்று கொண்டாட, அனந்தாண்பிள்ளை என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

இம்மஹான் கன்னட நாட்டுச் சிறுபுத்தூரில் 1053ஆம் ஆண்டு, சித்திரைத் திங்கள் சித்திரை நாளில் அவதரித்தவர் என்பர். எம்பெருமானார் நியமனப்படி, அருளாளப் பெருமாள் எம்பெருமானாரின் திருவடிகளை ஆச்ரயித்தவர்.

திருமலை சேர்ந்தவர் செடியை முதலில் நாடவில்லை, நீரை நாடினார். பாறை மண்டிய மலையில் வேனிற்காலத்தில் செடி கருகினால் பெருமாளுக்கு அன்று மாலை இல்லை. ஆதலின் ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் மண் வெட்ட, கருவுற்றிருந்த தேவிகள் கூடையில் சுமந்து கொட்டினார். இரங்கிய எம்பெருமான் சிறுவன் வடிவில் வந்து கூடையைப் பங்கிட்டுக் கொண்டான். ஆசார்யன் இட்ட பணியில் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாறையை வீச, அது சிறுவன் மோவாயில் பட்டது. சந்நிதியில் பெருமாளின் மோவாயில் குருதி கண்டு பதறி, பச்சைக் கர்ப்பூரம் அப்பினார். அக்கர்ப்பூரம் இன்றும் சாத்தப்பெறுகிறது. கடப்பாறையைக் கோயில் மகாத்துவாரத்தில் காணலாம்.

நந்தவனத்திற்குத் தம் பெயரை இடாது இராமாநுசன் என்றே பெயரிட்டார். அதில் என்னென்ன பூத்தன என எண்ணிப் பார்ப்பது சுவையானது. இன்று மாலைக்கடைகளில் குவியும் துலுக்கச்சாமந்தியும் வாடாமல்லியும் அங்கு இருந்திருக்க இயலாது. அவை அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 16ஆம் நூற்றாண்டிலோ அதன் பின்னரோ கடல் கடந்து வந்தவை. நமது புதுவையிலும் பிரெஞ்சுக்காரர் 1826இல் தாவரவியல் பூங்கா அமைத்து அயல்நாட்டுச் செடிகளை வளர்த்தனர். நம் மண்ணுக்கே உரிய பருவப் பூச்செடி வேண்டுமெனில் காசித்தும்பை உண்டு.

கதிர்காமத்தில் வீட்டுப் புறக்கடையில் திருவாராதனத்திற்குப் பூ வளர்க்க விழைவோர் அனந்தாழ்வானின் முறையையே கொள்ளலாம்: நீரையும் வெயிலையும் முதலில் பாருங்கள், பூவைப் பின்னர்த் தேருங்கள். நடுத்தர மண்ணும் அளவான நீரும் முழுவெயிலும் உள்ள இடத்தில் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் குறையின்றி வளரும். மிகுந்த எரு இட்டால் தழை பெருகும், பூ குறையும். துலுக்கச்சாமந்தி ஒரு மாத நாற்றாக ஓரடி இடைவெளியில் நடத்தக்கது. வேர்பிடித்து வளர்ந்தபின் நுனி கிள்ளினால் கிளைகள் பெருகி, நட்ட இரு மாதத்திற்குள் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். மேட்டுப் பாத்தியே தக்கது. சிறிது நிழல் விழும் ஈர இடம் காசித்தும்பைக்கு உரியது. முற்றிய காய் வெடித்து விதை தானே தெறிக்குமாதலால் அடுத்த மழையில் தானாகவே முளைக்கும். மணம் போதவில்லையே என்போர் ஓரத்தில் துளசி வைத்துக்கொள்ளலாம். பெருமாளுக்கு அதனினும் உகந்தது யாது?

நிற்க. அனந்தாழ்வானின் தோட்டத்தைக் காண எம்பெருமானாரே மலையேறி வந்து திருவுள்ளம் உகந்தார். மற்றொரு வரலாறு இன்னும் இனியது. இரவில் இளந்தம்பதியர் இருவர் நந்தவனத்தில் புகுந்து பூக்களைக் கலைத்து வந்தனர். காத்திருந்த அனந்தாழ்வான் நாயகியைப் பிடித்து மரத்தில் கட்டினார். நாயகனோ தோட்டத்தை இடமாகச் சுற்றியோடி மறைந்தான். விடிந்ததும் சந்நிதியில் பிராட்டியைக் காணாது அர்ச்சகர்கள் திகைத்தனர். உண்மை உணர்ந்த அனந்தாழ்வான் பிராட்டியைப் பூக்கூடையில் எழுந்தருளச் செய்து, மகளைக் கொடுக்கும் தந்தையைப்போல் பெருமாளிடம் சேர்ப்பித்தார். அன்றுமுதல் திருவேங்கடமுடையானுக்கு மாமனாரும் ஆனார்.

பிரமோற்சவம் நிறைவுற்ற மறுநாள் மலையப்பன் அனந்தாழ்வான் தோட்டத்திற்கு எழுந்தருளுகிறார். அன்றைய புறப்பாடு மட்டும் வலமாக அன்று, இடமாகவே நடைபெறுகிறது.