மரைக்கு முறை தந்த விட்வொர்த்

சென்ற கோடை விடுமுறையில், என் தந்தையார் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்குப் பழைய இங்கிலீஷ் கார் ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்டது. எஞ்சினைப் பிரித்துப் பரப்பியாயிற்று. அளவுகள் சொல்லும் கையேடு மட்டும் இல்லை. எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் நாலு நூல் போல்ட் ஒன்று உடைந்திருந்தது. (அரை அங்குலத்தைப் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள்.) கடையில் வாங்கிய புது போல்ட்டைத் திருகினேன். இரண்டு சுற்று போய் இறுகிக்கொண்டது. ஸ்பானரைப் போட்டு அழுத்தப் போனவனைத் தந்தையார் தடுத்து, பிட்ச் கேஜை வைத்துக் காட்டினார். துளையில் அங்குலத்துக்கு 12 மரை. என் போல்ட்டில் 13. துளையிலுள்ளது விட்வொர்த் மரை, அழுத்தியிருந்தால் பிளாக்கே பாழாகியிருக்கும் என்றார்.

விட்வொர்த் என்பது ஏதோ கம்பெனி என்றே எண்ணினேன். கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடியபோதுதான் அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்தது.

ஜோசப் விட்வொர்த் 1803-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். பதினான்காம் வயதில் உறவினரின் பஞ்சாலையில் தொழில் பழக விடப்பட்டார். ஆலை நிர்வாகம் அவருக்கு ஒட்டவில்லை, இயந்திரங்கள்தாம் ஒட்டின. மான்செஸ்டருக்கு ஓடிப்போய்ச் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1825-இல் லண்டன் சென்று ஹென்றி மாட்ஸ்லேயின் புகழ்பெற்ற பட்டறையில் பணியாற்றினார். மூன்று இரும்புத் தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டி, உண்மையான சமதளம் காணும் முறையில் தேர்ந்தார். இரண்டே தகடுகள் என்றால், ஒன்று குழிந்து மற்றது புடைத்திருந்தாலும் பொருந்திவிடும். மூன்றாவது வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எங்கள் இயற்பியல் செய்முறை வகுப்பில்கூட இத்தனை எளிய சோதனையை நான் கண்டதில்லை.

1833-இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அந்நாளில் பட்டறைக்கு ஒரு மரை. ஓரிடத்தில் செய்த போல்ட்டுக்கு வேறிடத்து நட்டு சேராது. ஒரு போல்ட் போனால், அதைச் செய்தவனையே தேடிப் போகவேண்டும். விட்வொர்த் தம் மனத்துக்குத் தோன்றிய அளவை ஊரார்மேல் சுமத்தவில்லை. நாட்டின் பல பட்டறைகளிலிருந்தும் போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டார். 55 பாகை என்ற விசித்திரமான கோணம் அப்படித்தான் வந்தது. முகட்டிலும் பள்ளத்திலும் ஆறில் ஒரு பங்கு உருட்டப்பட்டது. 1841-இல் இதைப் பொறியாளர் கழகத்தின்முன் வைத்தார். இரயில்வேக்கள் ஏற்றுக்கொண்டன. மற்றவை தொடர்ந்தன. அமெரிக்காவோ 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் வகுத்த 60 பாகையின் பக்கம் போயிற்று. அரை அங்குலத்துக்கு 13 மரை அவர் கணக்கே.

அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவிடு கருவியும் செய்தார். அறுகோணத் துளையுள்ள அவரது துப்பாக்கி 1857-இல் சோதனையில் வென்றும், இராணுவம் அதை ஏற்கவில்லை. 1868-இல் ஆண்டுக்கு 3,000 பவுன் ஒதுக்கிப் பொறியியல் மாணவர்க்கு உதவித்தொகை நிறுவினார். ஏட்டறிவோடு கைத்திறனும் அதற்கு வேண்டும் என்பது அவர் விதி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1887-இல் மான்டி கார்லோவில் காலமானார். கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அரை அங்குலத்துக்கு 12 மரை, 55 பாகை, ஆழம் 0.053 அங்குலம் என்று அட்டவணையிலிருந்து தாளில் குறித்துச் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போனேன். தந்தையார் ஆழத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிவிட்டு லேத்தை ஓட்டினார். போல்ட் விரலாலேயே உள்ளே இறங்கியது.